மேனேஜருக்கு ஓனர் முட்டுக் கொடுக்கிறாரா, முட்டுக்கட்டை போடுகிறாரா? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு டீக்கடைக்கு வந்தால், முந்தின ராத்திரி கால்பந்து மேட்ச்தான் பேச்சு. எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், மான்செஸ்டர் யுனைடெட் பக்தர். யுனைடெட் தோற்ற மறுநாள் அவரிடம் வாயைக் கொடுத்தால் டீ ஆறிவிடும்.

"ஓனர் சரியில்ல. மேனேஜர் பாவம், அவன் என்ன செய்வான்?" என்று ஆரம்பித்தார் ஒருநாள்.

"பழைய மேனேஜர் ஃபெர்குசன் போனப்புறம் நூறு கோடி பவுண்டுக்கு மேல ஆள் வாங்கியிருக்கானுவளே அண்ணாச்சி. இன்னும் என்ன தரணுங்கிய?"

"துட்டக் கொட்டினாப் போதுமால? எவன் கேட்ட ஆளுக்குக் கொட்டுனான்னு பாத்தியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி. அன்று ராத்திரி ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்ததுதான் இந்த வழிகாட்டி.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பின்னாலிருந்து தடி போட்டு நெம்பித் தேரை நகர்த்துகிறவர்கள் உண்டு. முட்டுக்கட்டை வைத்து நிறுத்துகிறவர்களும் உண்டு. மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பதுதான் தெரியும். கிளப் ஓனர்களும் அப்படித்தான். யார் எந்த வேலை செய்கிறார் என்று தெரிய கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

படி 1: அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு என்ன பேர்?

பெரும்பாலான சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் யாரும் இதைப் பார்ப்பதில்லை.

மேனேஜர் என்றால் பழைய வழக்கப்படி ஆள் எடுப்பதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஹெட் கோச் என்றால் கொடுத்த ஆட்களை வைத்து ஆட வைப்பதுதான் வேலை. டோனி ப்ளூமின் பிரைட்டனும் மேத்யூ பென்ஹாமின் பிரென்ட்ஃபோர்டும் இரண்டாவது வகை. அங்கே தரவை அலசி ஆள் தேடுவதற்குத் தனிப் படையே இருக்கிறது. கோச் மாறினாலும் அந்தப் படை மாறாது. அங்கே போய் "கோச் கேட்ட ஆளை ஓனர் வாங்கினாரா?" என்று கேட்பது, கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளையிடம் முகூர்த்தம் குறித்தது யார் என்று கேட்கிற மாதிரி. அவர் வேலை சாம்பார்.

ஆகவே முதலில் நியமன அறிக்கையைத் தேடிப் படியுங்கள். பதவிப் பெயர் என்ன, அவருக்கு மேலே ஆள் எடுப்பதைக் கவனிக்கிற ஸ்போர்ட்டிங் டைரக்டர் உண்டா, முதல் பேட்டியில் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் பெயர் மாறினால் அதையும் விடாதீர்கள். மிக்கேல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் ஆர்செனலுக்கு வந்தது ஹெட் கோச்சாக. 2020 செப்டம்பரில் அவரை மேனேஜர் ஆக்கினார்கள். வாயால் சொல்லுகிற பாராட்டைவிட இதற்கு எடை அதிகம்.

பதவிப் பெயர் ஒன்று, உள்ளே நடப்பு வேறு என்றால் என்ன ஆகும் என்பதற்கு கெவின் கீகன் கதை. மைக் ஆஷ்லி 2007இல் நியூகாசில் யுனைடெட்டை வாங்கினார். 2008 ஜனவரியில் அந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடிய கீகனை மேனேஜராகக் கொண்டுவந்தார். சில நாளிலேயே டென்னிஸ் வைஸ் என்பவரை நிர்வாகப் பொறுப்பில் உட்கார வைத்தார். ஆகஸ்டு கடைசியில் இக்னாசியோ கொன்சாலஸ் என்ற உருகுவே வீரரைக் கடனாக எடுக்கப் போவதாகக் கீகனிடம் சொல்லியிருக்கிறார்கள். கேள்விப்படாத ஆளாக இருக்கிறாரே என்றதற்கு, யூடியூபில் பாருங்கள் என்று பதில். கீகன் வேண்டாம் என்றார். ஆனாலும் எடுத்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் விலகிவிட்டார்.

விஷயம் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2009 அக்டோபரில் கீகனுக்கு 20 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. ஆள் எடுப்பதில் கடைசி வார்த்தை கீகனுடையது என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்களே என்று கேட்டதற்கு, அது மக்கள் தொடர்புக்காகச் சொன்னது என்றுதான் கிளப் தரப்பு வாதாடியது. திருநெல்வேலிக்கே அல்வா என்று நாம் சொல்வதை அவர்கள் நடத்தியே காட்டிவிட்டார்கள். அந்தக் கொன்சாலஸ் நியூகாசிலுக்கு ஆடியது மாற்று வீரராக இரண்டே மேட்ச்.

படி 2: துட்டை எண்ணுங்கள், ஆனால் மொத்தத்தை எண்ணாதீர்கள்

"இந்தக் கோடையில் 20 கோடி பவுண்டு செலவு" என்று தலைப்பு வரும். அதில் பாதிக்கு மேல் ஆள் விற்று வந்த காசாக இருக்கும். வாங்கியதில் விற்றதைக் கழித்து வருவதுதான் முதல் கணக்கு. அதிலும் ஒரு சீசனை மட்டும் எடுக்காதீர்கள். மூன்று சீசனைச் சேர்த்துப் பாருங்கள்.

விற்பது தப்பு என்று அர்த்தம் இல்லை. 2018 ஜனவரியில் லிவர்பூல் கூட்டினியோவை பார்சலோனாவுக்கு விற்றது. விலை, நிபந்தனைகள் எல்லாம் சேர்த்து 14 கோடி பவுண்டு வரை. அதே மாதம் தடுப்பாட்டக்காரர் வேன் டைக்கை 7.5 கோடிக்கு வாங்கினார்கள். அந்தக் கோடையிலேயே கோல்கீப்பர் அலிசன் வந்தார். மேனேஜர் யூர்கன் க்ளாப்புக்கு ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேயே விற்ற காசு போய் உட்கார்ந்தது. 2019இல் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக், 2020இல் லீக் பட்டம். கழித்துப் பார்த்தால் பெரிய செலவே இல்லை. இதை ஓனர் துணை நின்றதாகத்தான் நான் எழுதுவேன்.

எதிர்ப்பக்கம் மறுபடியும் நியூகாசில். ரஃபா பெனிடெஸ் 2016 மார்ச்சில் மேனேஜராக வந்தார். அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோதும் விட்டுப் போகவில்லை. அந்தக் கோடையில் சிசோக்கோ, விஜ்னால்டம், டவுன்சென்ட் என்று பெரிய தலைகளை விற்றார்கள். மிச்சத்தை வைத்து அடுத்த வருடமே சாம்பியனாக மேலே ஏற்றினார். அந்தக் கிளப்பின் அன்றைய அதிகபட்சக் கொள்முதல் 2005இல் மைக்கேல் ஓவனுக்குக் கொடுத்த தொகைதான். 2019 ஜனவரியில் சுமார் 2 கோடி பவுண்டுக்கு மிகெல் அல்மிரோனை வாங்கும்வரை பதின்மூன்று வருடம் அதை யாரும் தொடவில்லை. ஜூன் 30ஆம் தேதி ரஃபாவின் ஒப்பந்தம் முடிந்தது, கிளம்பிவிட்டார். ஜூலை 23ஆம் தேதி ஜோலின்டனுக்கு 4 கோடி பவுண்டு! அவர் இருந்தபோது திறக்காத பெட்டி, அவர் போய் ஒரு மாதத்துக்குள் திறந்தது. அதே ஜோலின்டன் பின்னால் எடி ஹவ் காலத்தில் நடுக்களத்துக்கு வந்து நியூகாசில் மக்களின் செல்லப் பிள்ளை ஆனார் என்பது வேறு கதை. வாங்கிய ஆள் நல்ல ஆளாகவே இருக்கலாம், நமக்குக் கேள்வி அது இல்லை.

இரண்டாவது கணக்கு சம்பளம். ஆளை வாங்கக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் தொகை பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும், சம்பளம் வராது. ஆனால் ஓர் அணி எந்த இடத்தில் முடிக்கும் என்பதற்குச் சம்பளப் பட்டியல்தான் நல்ல ஜோசியம். இங்கிலாந்து கிளப்புகளின் ஆண்டுக் கணக்கு அங்குள்ள கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இறக்கிப் படிக்கலாம். நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். நாலு வரிதான் நமக்கு வேண்டும்: சம்பளச் செலவு, வீரர்களை விற்ற லாபம், கட்டின வட்டி, ஓனர் புதிதாகப் போட்ட முதல் அல்லது எடுத்த லாபப் பங்கு.

கடைசி இரண்டும்தான் அண்ணாச்சியின் வயிற்றெரிச்சல். கிளேசர் குடும்பம் 2005இல் யுனைடெட்டை வாங்கியபோது கடனில் பெரும் பங்கைக் கிளப் தலையிலேயே கட்டியது. அன்றிலிருந்து வட்டி கிளப்தான் கட்டுகிறது. வீட்டை வாங்கினவன் தவணையைக் குடியிருக்கிறவனிடம் வசூலிக்கிற கதை. ஒரு பக்கம் ஆள் வாங்க நூறு கோடி, இன்னொரு பக்கம் வருடா வருடம் வட்டி. இரண்டும் ஒரே ஓனர்தான். நோட்டில் இரண்டையும் எழுத வேண்டும்.

கணக்கைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம். 5 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், ஏட்டில் வருடத்துக்கு ஒரு கோடிதான் செலவாக ஏறும். இரண்டு வருடம் கழித்து ஏட்டு மதிப்பு 3 கோடி. அப்போது 4 கோடிக்கு விற்றால் ஒரு கோடி லாபம் என்று வரும், உண்மையில் ஒரு கோடி குறைத்து விற்றிருந்தாலும். சொந்த அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனுக்கு ஏட்டு மதிப்பே கிடையாது. விற்றால் விற்றது அத்தனையும் லாபம். மேனேஜருக்குப் பிடித்த உள்ளூர்ப் பையன்களை ஏன் முதலில் விற்கிறார்கள் என்று இப்போது புரியும். செல்சி எட்டரை வருட ஒப்பந்தம் போட்டதன் சூட்சுமமும் இதுதான். ஆண்டு கூடினால் வருடச் செலவு குறையும். பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் பங்கு போட முடியாது என்று 2023இல் விதியை மாற்றிவிட்டார்கள்.

படி 3: எவன் கேட்ட ஆள்?

நோட்டின் நடுப்பகுதி இதற்குத்தான். கடந்த நாலு டிரான்ஸ்ஃபர் காலத்தில், அதாவது ஆள் வாங்க, விற்க அனுமதிக்கிற காலத்தில், வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், எந்த இடத்தில் ஆடுவார், வந்த தேதி, வருவதற்கு முன் மேனேஜர் எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று பேட்டியில் சொன்னார், வந்தபின் முதல் பத்து மேட்ச்சில் எத்தனை நிமிடம் ஆட வைத்தார்.

அந்தக் கடைசிக் கட்டம் பொய் சொல்லாது. மேனேஜர் விரும்பாத ஆள் என்றால் பெஞ்சில்தான் இருப்பார். உடம்பு முடியாமல் இருந்தாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தது இங்கிலாந்து இல்லை, ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்று. ஊர்ப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். மாதா கோயில் திருவிழாவை ஒட்டி, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் டோர்னமென்ட். அந்த ஊர் டீமுக்குக் கோச்சாக இருந்தவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நானும் அண்ணாச்சியும் அவர் கூப்பிட்டுப் போயிருந்தோம். டீமுக்குச் செலவு செய்கிறவர் வெளியூரில் கடை வைத்திருக்கிற ஒரு முதலாளி. கோச் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டது இரண்டு. ஒரு நல்ல கீப்பர், ஒரு ஜோடி கிளவுஸ். காரணம் காற்று. பணகுடிப் பக்கம் காத்தாடி சும்மாவா சுற்றுகிறது? அந்தச் சீசனில் பந்து மேலே எழும்பினால் எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. அந்தக் கிரவுண்டில் கீப்பர்தான் பாதி டீம்.

முதலாளி என்ன செய்தார்? கன்னியாகுமரிப் பக்கமிருந்து இரண்டு ஸ்ட்ரைக்கர்களை ஆளுக்கு ₹3,000 பேசி கெஸ்ட் பிளேயராக இறக்கினார். மஞ்சள் ஜெர்சி புதிது. கிரவுண்டு வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ், அதில் அவர் படம் பெரிதாக, வீரர்கள் படம் காலடியில் தபால்தலை மாதிரி. கோச்சுக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்று தெரிந்ததே மேட்ச் அன்று மதியம். அரையிறுதியில் ஒரு பையன் வெறுங்கையோடு கீப்பர் நின்றான். எதிர் டீம் தடுப்பாட்டக்காரன் சும்மா தூக்கி அடித்த பந்து, காற்றில் வளைந்து, அவன் விரல் நுனியில் பட்டு உள்ளே. ஒன்றுக்குப் பூஜ்யம். முதலாளி மைக்கை வாங்கி, "இவ்வளவு செலவழிச்சும் கோச் சரியா யூஸ் பண்ணல, அடுத்த வருசம் வேற ஆளப் பாப்போம்" என்றார். கோச் ஓரமாக நின்று வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இதையே பெரிய தொகையில் செய்தால் 2022-23 செல்சி. டாட் போலி, கிளியர்லேக் கூட்டணி 2022 மே மாதம் கிளப்பை வாங்கியது. கோடையில் மட்டும் 25 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டினார்கள். கோச் தாமஸ் டூக்கெலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி டூக்கெல் வேலையில் இல்லை. அடுத்து கிரஹாம் பாட்டர். ஜனவரியில் எட்டுப் பேரை இறக்கினார்கள். அதில் என்சோ பெர்னாண்டஸ் மட்டும் 10.68 கோடி பவுண்டு. சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட்டுக்குப் புதிதாக மூன்று பேரைத்தான் பட்டியலில் சேர்க்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. புதிதாக வந்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த பாதியாஷீலுக்கே இடமில்லாமல் போனது. இலையில் இடம் இல்லாமல் பரிமாறிக்கொண்டே போனால் அது விருந்து உபசாரம் ஆகுமா? ஏப்ரல் 2ஆம் தேதி பாட்டரும் போனார்.

துட்டு கொடுத்தாரா என்று கேட்டால் செல்சி ஓனருக்கு முழு மார்க். மேனேஜருக்குத் துணை நின்றாரா என்று கேட்டால் நான் பத்துக்கு மூன்றுதான் போடுவேன்.

படி 4: வந்த தேதி

இது சின்னப் படி. ஜூலை முதல் பாதியில் வந்தவருக்குச் சீசன் தொடங்குமுன் ஐந்தாறு வாரப் பயிற்சி கிடைக்கும். ஆகஸ்டு கடைசி ராத்திரி வந்தவருக்கு மூன்று மேட்ச் முடிந்திருக்கும். டெக்லன் ரைஸுக்கு ஆர்செனல் 10 கோடி பவுண்டும் அதற்கு மேலும் கொடுத்தது 2023 ஜூலை நடுவில். தேதியே சொல்லும், முடிவு முன்பே எடுத்தாயிற்று என்று. கடைசி நாள் சரக்கெல்லாம் மட்டம் என்றும் இல்லை. அதே ஆர்செனலுக்கு டோமியாசு 2021இல் கடைசி நாளில் வந்தவர்தான், உடனே ஒட்டிக்கொண்டார். ஆனால் நாலு சீசனாகத் தொடர்ந்து கடைசி நாள் சந்தையிலேயே வாங்கினால், வீட்டில் யாரோ காசை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

படி 5: கெட்ட நாளில் ஓனர் எங்கே நின்றார்?

ஜெயிக்கிறபோது எல்லா ஓனரும் நல்லவர்தான். ஆகவே ஜெயித்த மாதங்களை ஒதுக்கிவிடுங்கள். தொடர்ந்து நாலைந்து மேட்ச் தோற்ற காலத்தை மட்டும் எடுத்து, அந்த வாரங்களில் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

2021 ஆகஸ்டில் ஆர்செனல் முதல் மூன்று மேட்ச்சும் தோற்றது. பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0. ஒரு கோல் கூட இல்லை, பட்டியலில் கடைசி இடம். அதற்கு முந்தின இரண்டு சீசனும் எட்டாம் இடம். இங்கே நம்மூர் டீக்கடையிலேயே ஆர்டெட்டாவுக்குக் கருமாதி சாப்பாடு போட்டு முடித்துவிட்டோம். ஓனரான குரோங்கே குடும்பம் அசையவில்லை. அந்தக் கோடையில் வாங்கியதெல்லாம் இளம் வயது ஆட்கள், அவர் சொன்ன மாதிரி ஆடக்கூடியவர்கள். அந்தச் சீசன் ஐந்தாம் இடம், அதன்பின் வரிசையாக மூன்று சீசன் இரண்டாம் இடம்.

அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள். லெஸ்டர் சிட்டியை 2016இல் சாம்பியன் ஆக்கியவர் கிளாடியோ ரனியேரி. கால்பந்தில் அப்படி ஓர் அதிசயம் மறுபடி நடக்குமா தெரியாது. மறு சீசன் அணி தடுமாறியது. 2017 பிப்ரவரி 7ஆம் தேதி, அவருக்கு அசைக்க முடியாத ஆதரவு என்று கிளப் அறிக்கை விட்டது. 23ஆம் தேதி நீக்கிவிட்டது. அசைக்க முடியாதது பதினாறே நாளில் அசைந்தது. ஆதரவு என்று தனியாக அறிக்கை விட வேண்டிய நிலைமை வந்துவிட்டதே, அதைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

புது ஒப்பந்தமும் காப்பு இல்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை கோச் நூனோ 2024-25இல் ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்து ஐரோப்பியப் போட்டிக்கு அனுப்பினார். 2025 ஜூனில் புது ஒப்பந்தம். செப்டம்பரில் வெளியே. ஓனர் மரினாகிஸ் அடுத்துக் கொண்டுவந்த போஸ்டெகோக்ளூவுக்கு 39 நாள். நம்மூரில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். சாமிக்கு மாலை போட்டவனே அதைவிட அதிக நாள் தாக்குப்பிடிப்பான்.

படி 6: நட்சத்திரமா, மேனேஜரா?

டிரெஸ்ஸிங் ரூமில் பெரிய ஆட்டக்காரரும் மேனேஜரும் முட்டிக்கொள்கிற நாள் எல்லா கிளப்பிலும் வரும். அன்று ஓனர் யார் பக்கம்? 2020இல் பெரிய சம்பளத்தில் புது ஒப்பந்தம் போட்ட ஔபமயாங்கின் கேப்டன் பட்டையை 2021 டிசம்பரில் ஆர்டெட்டா பிடுங்கினார். 2022 பிப்ரவரியில் ஒப்பந்தத்தையே ரத்து செய்து சும்மா அனுப்பினார்கள். ஓனருக்கு அது நேரடி நஷ்டம். யுனைடெட்டும் 2022 நவம்பரில் ரொனால்டோ முட்டிக்கொண்டபோது மேனேஜர் டென் ஹாக் பக்கம்தான் நின்றது. அதைச் சொன்னபோது அண்ணாச்சி, "ஒரு தடவ நின்னான், ஒத்துக்கிடுதேன்" என்றார்.

படி 7: "விதி கையைக் கட்டிவிட்டது" என்று சொன்னால்

இது இப்போது எல்லா ஓனரும் சொல்லுகிற பதில். பாதி உண்மை. பிரீமியர் லீக்கில் மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று விதி இருந்துவந்தது. அதை மீறியதற்காக எவர்டனுக்கு 2023 நவம்பரில் பத்துப் புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது ஆறானது. 2024 ஏப்ரலில் இன்னும் இரண்டு. அதே சீசனில் ஃபாரஸ்டுக்கு நாலு. ஓனர் பெட்டியோடு தயாராக நின்றாலும் கொட்ட முடியாது என்பது நிஜம்.

ஆனால் அந்த நஷ்டக் கணக்கில் மைதானம் கட்டுகிற செலவு, பயிற்சிக் கூடம், அகாடமி, பெண்கள் அணி இவையெல்லாம் சேராது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். ஆகவே விதியைக் காரணம் காட்டுகிற ஓனரின் பயிற்சிக் கூடத்தைப் பாருங்கள். கூரை பழையது, அகாடமி அப்படியே கிடக்கிறது என்றால் கையைக் கட்டியது விதி இல்லை. ரஃபா நியூகாசிலில் ஆள் மட்டும் கேட்கவில்லை. பயிற்சி மைதானத்தையும் அகாடமியையும் சரி செய்யுங்கள் என்றும் கேட்டார்.

டாட்டன்ஹாம் இதற்கு நேர் எதிர், அதனால்தான் தீர்ப்புச் சொல்லக் கஷ்டமான கேஸ். நல்ல பயிற்சிக் கூடம். 2019 ஏப்ரலில் திறந்த மைதானம் சுமார் 100 கோடி பவுண்டு. செங்கல்லில் குறையே சொல்ல முடியாது. ஆனால் 2018 கோடையில் மேனேஜர் பொச்செட்டினோவுக்கு ஒரே ஒரு ஆள் கூட வாங்கவில்லை. கோடை டிரான்ஸ்ஃபர் காலம் என்று ஒன்று வந்தபிறகு எந்த பிரீமியர் லீக் கிளப்பும் அப்படி இருந்ததில்லை. அதே அணியை அவர் 2019 ஜூனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டுபோனார். நவம்பரில் நீக்கினார்கள். வீட்டைப் பெரிதாகக் கட்டிவிட்டு அடுப்பில் அரிசி வைக்காத கதை என்பது என் கட்சி. அந்த மைதானம் இல்லாமல் அடுத்த இருபது வருடம் கிளப்புக்கு வருமானம் ஏது என்று கேட்கிற நண்பர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர்களையும் தள்ளிவிட முடியவில்லை.

படி 8: கேட்டவர் யோக்கியதையையும் பாருங்கள்

இந்தக் கட்டம் அண்ணாச்சி சேர்த்தது. மேனேஜர் கேட்டதெல்லாம் நியாயமா?

அன்டோனியோ கான்டே அதே டாட்டன்ஹாமுக்கு 2021 நவம்பரில் கோச்சாக வந்தார். 2022 மே மாதம் ஓனர் தரப்பு 15 கோடி பவுண்டு வரை புது முதல் போட ஒப்புக்கொண்டது. கோடையில் ரிச்சர்லிசன், பிசூமா, பெரிசிச் எல்லாம் வந்தார்கள். 2023 மார்ச்சில் சவுத்தாம்ப்டனோடு 3-3 டிரா ஆன அன்று வீரர்களையும் கிளப்பையும் வாய்க்கு வந்தபடி பேசினார். எட்டு நாளில் பிரிந்தார்கள். பொச்செட்டினோவுக்கு இல்லாதது இவருக்குக் கிடைத்தது, ஆனாலும் புலம்பல் நிற்கவில்லை. முப்பதைத் தாண்டிய ஆட்களையே கேட்கிறாரா, தன்னிடம் இருக்கிற இளம் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாரா என்று பார்த்துவிட்டுத்தான் மேனேஜருக்காகக் கண்ணீர் விட வேண்டும்.

நம்ம லீகுக்கு இதை எப்படிப் பொருத்துவது?

அப்படியே பொருத்த முடியாது. இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல்.லில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, வெளிநாட்டு வீரர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2025இல் ஒப்பந்தச் சிக்கலால் லீக்கே உரிய நேரத்தில் தொடங்கவில்லை. லீக் நடக்குமா என்றே தெரியாதபோது ஓனரை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. இங்கே படி 2ஐச் சுருக்கி, படி 5ஐப் பெரிதாக்க வேண்டும்.

சென்னையின் எஃப்.சி. நல்ல பாடம். கோச் ஜான் கிரிகரி 2017-18இல் கோப்பை வாங்கித் தந்தார். மறு சீசன் பத்து அணியில் பத்தாவது. ஓனர்கள் கை விடவில்லை, அடுத்த சீசனும் அவரோடுதான் ஆரம்பித்தார்கள். ஆரம்பம் மோசம், 2019 நவம்பர் கடைசியில் அவர் விலகினார். டிசம்பரில் ஓவன் கோயல் வந்து, அடியில் கிடந்த அதே அணியை இறுதிப் போட்டிவரை இழுத்துக்கொண்டு போனார். படி 5இல் முழு மார்க் வாங்கின ஓனர், சீக்கிரமே மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. பொறுமைக்கும் எல்லை எது என்று எனக்கு இதுவரை கட்டம் போடத் தெரியவில்லை.

இன்னொன்று சென்னை சிட்டி. கோயம்புத்தூரை ஊராக வைத்துக்கொண்டு 2018-19 ஐ-லீக்கை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கோச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. பெரிய இடத்துச் சம்பந்தம் வந்துவிட்டது, இனி தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு விடிவு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். 21 கோல் அடித்த பெட்ரோ மன்சி அடுத்த சீசன் நடுவிலேயே ஜப்பானுக்குப் போனார். சில வருடத்தில் ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. புதுப் பங்குதாரர் வந்தார் என்ற செய்தியைப் படித்தால், அடுத்த பத்து மாதத்தில் அணியிலிருந்து யார் போனார் என்று பாருங்கள். உள்ளே வந்த காசு எங்கே போனது என்று அதில் தெரிந்துவிடும்.

எப்போது எழுதுவது?

வருடத்துக்கு இரண்டு தரம் போதும். டிரான்ஸ்ஃபர் காலம் மூடிய மறு வாரம், செப்டம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. தோற்ற ராத்திரி நோட்டைத் தொடாதீர்கள், கை நடுங்கும். சொந்த அணிக்கு எழுதுகிற அன்றைக்கே, பிடிக்காத அணி ஒன்றுக்கும் அதே கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பிடிக்கிறீர்களா என்று உங்களுக்கே தெரியும். எனக்கு முதல் தடவை தெரியவில்லை. செல்சிக்கு ஒரு கண், லிவர்பூலுக்கு ஒரு கண் என்று எழுதி வைத்திருந்தேன். அண்ணாச்சி கண்டுபிடித்துச் சிரித்தார்.

போன மாதம் அவர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. யுனைடெட் பக்கத்தில் வருடம் வாரியாக அழித்து அழித்து எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, அந்தக் கடற்கரை ஊர் டீமின் பெயரையும் எழுதியிருந்தார். கோச் கேட்டது என்ற கட்டத்தில்: கீப்பர், கிளவுஸ். ஓனர் வாங்கியது என்ற கட்டத்தில்: ஃபிளெக்ஸ், 20 அடி.